மைக்கு நடித்த ஊமைப்படங்கள்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மைக்கு அளவுக்குப் பேசிய மனிதர் இதுவரை பிறக்கவில்லை. இனிமேல் பிறந்தாலும் அவருக்கு மூச்சு வாங்கிவிடும். அப்பேர்ப்பட்டவர்தான் எங்கள் ஊர் தந்த ஒரே ஊமைப்பட நடிகர். இதைச் சொன்னால் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள், நான் நிறுத்தப்போவதில்லை.

மைக்கு என்பது பெயரல்ல, தொழில். பெயர் என்று ஒன்று ரேஷன் கார்டில் இருந்திருக்கும், யாரும் போய்ப் பார்த்ததில்லை. லோடு ஆட்டோவின் தலையில் இரண்டு புனல் ஸ்பீக்கர்களைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக அறிவிப்புச் செய்வது அவர் வேலை. ஜவுளிக்கடைத் தள்ளுபடி, தேர்த்திருவிழா, காணாமல் போன ஆடு, நாளைய மின்தடை, இன்று காலை இயற்கை எய்தியவர் என எல்லாமே அவருக்கு ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரே உற்சாகத்தோடு சொல்வார்.

இந்த உற்சாகம் ஒருமுறை வம்பில் கொண்டுபோய்விட்டது. வடக்கனந்தலில் ஒரு பெரியவரின் மரண அறிவிப்பைப் படித்து முடித்தவர், வாய்ப்பழக்கத்தில் "இந்த அரிய வாய்ப்பைத் தவற விடாதீர்கள்" என்று சேர்த்துவிட்டார். பெரியவரின் மருமகன்கள் மூன்று பேர் ஆட்டோவைத் துரத்தினார்கள். ஓடுகிற ஆட்டோவுக்குள்ளிருந்தபடியே மைக்கில் மன்னிப்புக் கேட்டார். உருக்கமான மன்னிப்பு. துரத்தியவர்களில் ஒருவர் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். அடுத்த வருஷம் நினைவஞ்சலி அறிவிப்புக்கும் அவரையே கூப்பிட்டார்கள்.

எனக்கு அப்போது பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் பிளெக்ஸ் பேனர் டிசைன் செய்யும் கடை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று ஊரில் யாருடைய முகமும் என் கணினி வழியாகத்தான் பேனருக்குப் போகும். மைக்கு என் கடைக்கு வாடிக்கையாளராக வந்ததில்லை, வானிலையாக வந்தார். கடையில் மூன்று நாற்காலிகள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மூன்றிலும் உட்கார்ந்து எழுந்துவிடுவார். பல நாள் டீயை நடந்துகொண்டே குடிப்பார். டீக்கடை டம்ளர் கச்சிராயபாளையம் சாலை வரைக்கும் போய்த் திரும்பிவரும். கால் ஆடிக்கொண்டே இருக்கும். கால் நின்றால் விரல் மேசையில் தாளம் போடும். இரண்டும் நின்றால் ஏதோ ஆபத்து என்று அர்த்தம். வாய் மட்டும் எப்போதும் நிற்காது.

என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதேயில்லை.

"பிளெக்ஸு, டீ குடிச்சியா?"

இதுதான் அவர் வணக்கம். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார். பத்து வருஷத்தில் அந்தக் கேள்விக்கு நான் ஒருமுறைகூடப் பதில் சொல்லி முடித்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டோவின் பின்பக்கத்தை நான்கு புறமும் பேனரால் மூடிவிடுவார்கள். உள்ளே இருட்டில் உட்கார்ந்துதான் மைக்கு பேசுவார். ஆகவே அவர் குரலைத் தெரியாதவர் மாவட்டத்தில் இல்லை, முகத்தைத் தெரிந்தவர் எங்கள் தெருவைத் தாண்டி இல்லை. இது அவருக்கு ஒரு மனக்குறை.

"கண்டவன்லாம் போனப் பாத்துப் பேசி வீடியோ போடறான் பா. பேச்சுன்னா இன்னான்னு நான் காட்றேன்" என்று ஒருநாள் அறிவித்துவிட்டுப் புதுப் போன் ஒன்று வாங்கினார். மறுநாளே கல்வராயன் மலைக்குப் பஸ் ஏறினார். தனியாகத்தான் போனார். போனைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டாமா என்று கேட்டேன்.

"ஆள் இருந்தா நடுவுல அவன் பேசிடுவான்" என்றார்.

கரியாலூர்ப் பக்கம் ஒரு பலாத்தோப்பு. மைக் ஸ்டாண்டில் மைக் இருக்க வேண்டிய இடத்தில் போனைச் செருகி நிறுத்திவிட்டு, பலாப்பழத்தை எப்படி முறைப்படி அறுப்பது என்று உலகத்துக்குச் சொற்பொழிவாற்றியிருக்கிறார். கையில் எண்ணெய் தடவ மறந்துபோனார். பலாப்பால் ஒட்டி, கத்தி ஒரு கையோடும் பழம் இன்னொரு கையோடும் சேர்ந்துகொண்டன. நடுவில் வேட்டிக்குள் எறும்பு. தட்டிவிடக் கை இல்லை. அப்படியும் பேச்சை நிறுத்தாமல், பழத்தோடும் கத்தியோடும் எறும்போடும் அவர் துள்ளிக்கொண்டிருந்தபோது மரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கி வந்து, நிதானமாக நான்கு சுளைகளைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. அத்தனையையும் அங்கிருந்தே இணையத்தில் ஏற்றிவிட்டு வந்து என்னிடம் காட்டினார். எல்லாம் பதிவாகியிருந்தது, ஒன்றைத் தவிர.

"சத்தமே வரலண்ணா" என்றேன்.

"உன் காது அடச்சிக்கினு இருக்கும்."

"காது நல்லாத்தான் இருக்குது. போன கீழ போட்டீங்களா?"

"போடல பா. கண்ணு மாதிரி வச்சிருக்கேன். வாங்கின அன்னிக்கே மைக் துவாரத்த சுத்தம் பண்ணிட்டுத்தான் தொட்டேன்."

"எதால சுத்தம் பண்ணீங்க?"

சட்டைப் பையிலிருந்து ஓர் ஊக்கை எடுத்துக் காட்டினார். மைக் செட் வேலையில் பழகியவர்கள் எல்லோரும் ஓர் ஊக்கு வைத்திருப்பார்கள். மைக்கின் வலையில் எச்சிலும் தூசியும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் குரல் மந்தமாகும். அதனால் வேலை தொடங்குமுன் ஊக்கால் குத்தி எடுத்துவிட்டு, இரண்டு ஊது ஊதுவது அவர்கள் வழக்கம். இவர் போனுக்கு அடியில் இருந்த சின்னத் துளைக்கும் அதே மரியாதையைச் செய்திருக்கிறார்.

"ரெண்டு கொடை கொடைஞ்சேன் பா. கருப்பா ஏதோ வந்துது. புது போன்லயே அவ்ளோ அழுக்கு!"

அது அழுக்கல்ல என்று எடுத்துச் சொன்னேன். உலகத்துக்குச் சொற்பொழிவு செய்யப்போனவர் முதல் நாளே உலகத்தின் காதைக் குத்தியெடுத்துவிட்டார். வீடியோவை உடனே அழிக்கச் சொல்லிக் குதித்தார். அழிக்கலாம் என்று திறந்தால், அதற்குள் ஊரே பார்த்துவிட்டிருந்தது. கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "இந்த அண்ணன் வாய் பேச முடியாதவரு போல. ஆனா ஒடம்பாலயே என்னமா பேசறாரு!"

மைக்குக்கு முகம் சிவந்தது. என் கடையைச் சுற்றி மூன்று முறை நடந்தார். "நான் வாய் பேச முடியாதவனா? நானா?" என்று சுற்றுக்கு ஒருமுறை கேட்டார். நான்காவது சுற்றில் நின்றார்.

"ஒடம்பாலயே பேசறனா பா?"

ஒரு நட்சத்திரம் பிறந்தது அந்த நிமிஷத்தில்தான். நான் கூடவே நின்று பார்த்தேன்.

அதன்பிறகு வரிசையாகப் படங்கள். நெரிசலான டவுன் பஸ்ஸில் குடையை மடக்க முயலும் படம். கிளம்ப மறுக்கும் மொபெட்டோடு சமாதானம் பேசும் படம். மலையிலுள்ள மேகம் அருவியில் ஈரத்துண்டைக் காற்றிலிருந்து காப்பாற்றும் படம். போனைப் பழுது பார்க்க அவர் சம்மதிக்கவேயில்லை. நல்ல போனில் எடுத்துச் சத்தத்தை நிறுத்திவிட்டால் போகிறது என்று ஒருநாள் என் போனைக் கொடுத்தேன். எங்கே குரல் பதிந்துவிடுமோ என்ற பயத்தில் அவர் வாயை மூடிக்கொண்டு நடித்தார். கல்யாண ஆல்பத்து மாப்பிள்ளை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றார், சகிக்கவில்லை. வாய் ஓடினால்தான் அவருக்குக் கையும் காலும் ஓடும். ஆகவே காது செத்த போனின் முன்னால் நின்று, ஒருவருக்கும் கேட்காது என்று தெரிந்தே, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஊமைப்படம் எடுத்தார் அந்த மனிதர். என்ன பேசினார் என்று நானும் கேட்டதில்லை. அவர் பேச்சில் இல்லாத எதுவும் அதில் இருந்துவிடப்போவதில்லை என்று நினைத்தேன். அது என் முட்டாள்தனம், அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்படி முகத்துக்கு ஒரு புகழ், குரலுக்கு ஒரு புகழ் என்று இரண்டும் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தபோது, கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலையிலிருந்து ஒரு செய்தி வந்தது. எழுதியவர் பூங்கொடி. தையற்காரர்.

"எனக்கு எட்டு வயதில் காய்ச்சல் வந்து காது போய்விட்டது. எல்லோரும் பார்த்துச் சிரிக்கும்போது நானும் கூடவே சிரிக்கிற படம் உங்கள் படம்தான். சொந்தமாகத் தையல் கடை திறக்கிறேன். நீங்கள் வந்து ரிப்பன் வெட்ட வேண்டும்."

மைக்கு அதைப் படித்தார். உட்கார்ந்தார். அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே இருந்தார். கால் ஆடவில்லை, விரலும் ஆடவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"அவங்க என்னையும் அவங்கள மாதிரின்னு நெனச்சிக்கினு இருக்காங்க பா."

"இல்லன்னு எழுதிடுங்கண்ணா."

"எழுதினா ரிப்பன் வெட்ட வேற ஆளப் பாப்பாங்களே" என்றார்.

முப்பத்தெட்டு வயது வரை யாரும் எதற்கும் அவரை ரிப்பன் வெட்டக் கூப்பிட்டதில்லை. அவர் அறிவித்த திறப்பு விழாக்களுக்குக் கணக்கில்லை, அவற்றில் ஒன்றுக்குக்கூட அவர் ஆட்டோவை விட்டு இறங்கியதில்லை. போவது என்று முடிவானது. அவருக்குப் பதில் பேச நான்.

கச்சிராயபாளையத்தில் மலையேறும் பஸ்ஸில் உட்கார்ந்ததிலிருந்து பேசக்கூடாது என்று ஒப்பந்தம். முதல் வளைவில் என் தொடையைக் கிள்ளினார். இரண்டாம் வளைவில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். மூன்றாம் வளைவில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஐயாவுக்கு வாந்தி வருதா?" என்று கேட்டு முன்சீட்டுப் பெண் எலுமிச்சம்பழம் கொடுத்தார். அதை முழுசாக வாயில் போட்டுக்கொண்டார். வெள்ளிமலை வரைக்கும் பல்லிடுக்கில் எலுமிச்சம்பழத்தோடு வந்த கலைஞர் அவர் ஒருவர்தான்.

கடை சிறியது. தகரக் கூரை, ஒரு மிஷின், வாசலில் தோரணம். பூங்கொடி மெலிந்த, நிமிர்ந்த பெண். முப்பதைத் தாண்டியிருக்கலாம். கழுத்தில் அளவு டேப் மாலை மாதிரி தொங்கியது. விழாவுக்கு மைக் செட் வைத்திருந்தார்கள். அதுதான் சோதனை. ஊர்க்காரர் ஒருவர் மைக்கை ஸ்பீக்கருக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வரவேற்றார். மைக் செட் ‘கீ...’ என்று அலறியது. மைக்குக்கு உடம்பெல்லாம் கூசியது. என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், தாங்க முடியாமல் எழுந்து போய் ஆம்ப்ளிபயரின் இரண்டு குமிழ்களைத் திருகி, ஸ்பீக்கரைத் திருப்பி வைத்து, மைக்கைப் பிடுங்கி, ஊதி... வாய் திறந்துவிட்டது. "மைக் டெஸ்ட்" என்ற இரண்டு சொற்கள் உதடு வரை வந்து நின்றதை நான் பார்த்தேன். அப்படியே விழுங்கினார். கூட்டம் கை தட்டியது. புது நடிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவர் ரிப்பன் வெட்டியதும் நான் எழுந்து, அண்ணன் சார்பாக நன்றி சொன்னேன். என் வாழ்நாளில் மைக்கு பக்கத்தில் இருக்கும்போது நான் பேசி முடித்த ஒரே பேச்சு அது.

பூங்கொடி அவருக்கு ஒரு சட்டை தைத்து வைத்திருந்தார். அளவெடுக்காமல், படங்களைப் பார்த்தே தைத்த சட்டை. அச்சாகப் பொருந்தியது. காலர் மெத்தென்று இருந்தது. உள்பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு சின்னப் பை, அதற்கு ஒரு மூடி. எதற்கு இது என்று நான் சைகையில் கேட்டேன். பூங்கொடி சிரித்துவிட்டு மைக்குவைப் பார்த்தார். கண்ணைப் பார்க்கவில்லை, உதட்டைப் பார்த்தார். வந்ததிலிருந்தே அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இவரோ ஊக்குப் போட்டுப் பூட்டியதுபோல் உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தார்.

சாமைச் சோறும் கோழிக் குழம்பும் போட்டார்கள். சாப்பிடும்போது பூங்கொடி ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். "படத்தில் உங்கள் வாய் அசைகிறது. இங்கே ஏன் அசையவில்லை?"

மைக்குக்குப் புரையேறியது. நான் பேனாவை வாங்கி, "அது நடிப்பு" என்று எழுதிக் கொடுத்தேன். பூங்கொடி படித்தார், என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தேன். எவ்வளவு நேரம்தான் பிசைய முடியும்!

அதோடு போயிருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். மைக்கு வாரத்துக்கு ஒருமுறை மலையேறத் தொடங்கினார். போகும்போதெல்லாம் எலுமிச்சம்பழம். அங்கே உட்கார்ந்து, பூங்கொடி தைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வருவார். தண்ணீர், பஸ், நாளை, மழை என்று பூங்கொடி கற்றுக்கொடுத்த சைகைகளை ஊருக்கு வந்து டீக்கடையில் போட்டுக் காட்டுவார். அதே நேரத்தில் வாயும் பேசும். இரண்டு மடங்கு பேச்சு. ஆனால் இரவு வீட்டுக்குப் போனவர், மறுநாள் காலையில் நான் கடை திறக்க வருமுன்பே வாசலில் நின்றுகொண்டிருப்பார்.

"சொல்லிட்டா அவங்க போய்டுவாங்க. சொல்லாம இருந்தா நான் வெடிச்சிப் பூடுவேன். நான் இன்னா பா பண்றது?"

"கட்டிக்கப்போறீங்களாண்ணா?"

"கட்டிக்கணும்னுதான் துடிக்கிறேன். பொய்யா வாய மூடிக்கினு எப்படிப் பா தாலி கட்டுறது? என்ன நம்பிக் கூப்பிட்டவங்கள நானே ஏமாத்தணுமா?"

சொல்லும்போதே சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தார். திரும்பி வந்தார். மறுபடி நடந்தார். அவர் செருப்புத் தேய்ந்ததற்கு நான் சாட்சி.

அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த நாளை, ஆட்டோவுக்குச் சொந்தக்காரரான மைக் செட் முதலாளி கொண்டுவந்து நிறுத்தினார். வெள்ளிமலையில் இலவசக் கண் பரிசோதனை முகாம். ஆட்டோ மலைக்குப் போய் அறிவிப்புச் செய்ய வேண்டும். மைக்கு முடியாது என்றார். "மலைக்குப் போவ முடியலன்னா மைக்க வச்சிட்டு வூட்டுக்குப் போ" என்றார் முதலாளி. மைக்கை வைத்துவிட்டு மைக்கு எங்கே போவார்?

என் கடைக்கு ஓடி வந்தார். "நல்லாத் தடியான பேனரா சுத்திக் கட்டு பா. ஒரு ஓட்டை இருக்கக் கூடாது. நீயும் வா. ஏதாவது ஒண்ணுன்னா நீ பேசு."

கட்டினேன். ஏறினேன். டிரைவர் சேகர் ஓட்ட, இருட்டுக்குள் நானும் அவரும். அவர் பூங்கொடி தைத்த சட்டையைப் போட்டிருந்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. மலையேற ஏற எஞ்சின் சூடேறிக்கொண்டே வந்தது. வெள்ளிமலைச் சந்தைக்குள் நுழைந்ததும் புகையைக் கக்கிவிட்டு நின்றது. பேனரின் விளிம்பை விலக்கிப் பார்த்தேன். சரியாகப் பூங்கொடியின் தையல் கடை வாசல்.

"தள்ளு, தள்ளு" என்று மைக்கு கிசுகிசுத்தார்.

"தள்ள முடியாதுண்ணா, கொஞ்ச நேரம் ஆறணும்" என்றார் சேகர் வெளியிலிருந்து. "நீங்க ஆரம்பிங்கண்ணா. சந்தைக் கூட்டம் நிக்குது. முகாம்காரரும் வந்து நிக்கிறாரு."

மைக்கு யோசித்தார். பூங்கொடிக்குக் காது கேட்காது. ஆட்டோவைச் சுற்றிப் பேனர். பயப்பட என்ன இருக்கிறது? மைக்கை எடுத்தார், ஊதினார். "அன்பார்ந்த பொதுமக்களே..." என்று தொடங்கினார். வாரக்கணக்காக மலையில் அடக்கி வைத்த குரல் அத்தனையும் சேர்ந்து வெளியே வந்தது. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

எங்கள் இருவருக்கும் தோன்றாத ஒன்று, தகரக் கூரை. ஸ்பீக்கரின் அதிர்வில் அந்தக் கூரை நடுங்கியிருக்கிறது. மிஷின் மேல் வைத்த கத்திரி தானாக நகர்ந்திருக்கிறது. பூங்கொடி எழுந்து வந்து ஆட்டோவின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, பேனரைத் தூக்கினார்.

உள்ளே வெளிச்சம் வந்தது. கையில் மைக்கோடு, வாய் முழுசாகத் திறந்திருக்க, மைக்கு. எதிரே பூங்கொடி.

வேறு யாராக இருந்தாலும் நிறுத்தியிருப்பார்கள். மைக்குக்கு நிறுத்தத் தெரியாது. கண் பூங்கொடியைப் பார்க்க, வாய் தன்பாட்டுக்கு ஓடியது. "கண்ணில் நீர் வடிதல், பார்வை மங்குதல், எதிரில் இருப்பவரைச் சரியாகப் பார்க்க முடியாமை..." அவர் கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. "...ஆகிய குறைகள் உள்ளவர்கள்..." குரல் உடைந்தது. அப்புறம்தான் பேச்சுத் தடம் மாறியது. மைக்கைக் கீழே வைக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

"பூங்கொடி, நான் பேசுவேன். பொறந்ததுல இருந்து பேசிக்கினுதான் இருக்கேன். போன் மைக்க ஊக்கால கொடஞ்சிட்டேன், அதான் சத்தம் வரல. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். என்ன அடிச்சிடுங்க."

வெள்ளிமலைச் சந்தை மொத்தமும் கேட்டது, பூங்கொடியைத் தவிர. "எழுதிக் காட்டு பா அவங்களுக்கு!" என்று என்னிடம் கத்தினார். நான் பையெல்லாம் துழாவிப் பேனாவைத் தேடினேன். பூங்கொடி கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"தெரியும்" என்றார்.

வாய் திறந்து சொன்னார். ஏற்ற இறக்கம் இல்லாத, தட்டையான குரல். எட்டு வயது வரை பேசிய பேச்சு அவரிடம் மிச்சமிருந்தது. சிரிப்பார்களே என்றுதான் வெளியில் பேசுவதில்லையாம். மைக்குவின் கையிலிருந்த மைக் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் அந்த ஒரு சொல்லும் இரண்டு ஸ்பீக்கரிலும் வந்தது.

"தெரியுமா? எப்படி?"

"ஒதட்டப் பாத்து. ஒவ்வொரு படமும் பத்து தரம், இருவது தரம். பாதி புரியும், மீதிய நானே சேத்துப்பேன். பலாப்பழப் படத்துல, ‘எறும்பு ஏறுது, எறும்பு ஏறுது, அந்த சோம்பேறி பிளெக்ஸு கூட வந்திருந்தா தட்டி வுட்டிருப்பான்’னு சொன்னீங்க."

சந்தை என்னைத் திரும்பிப் பார்த்தது. துணைக்கு வேண்டாம் என்று தனியாகப் போனவர், போன இடத்தில் என்னைத் திட்டியிருக்கிறார்!

"மொபெட் படத்துல, ‘இந்த வண்டியும் பிளெக்ஸும் ஒண்ணு, ஒதச்சாத்தான் எழும்’னு சொன்னீங்க."

சந்தை சிரித்தது. சேகர் ஆட்டோவைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"கொடைப் படத்துல காலர் அறுக்குதுன்னு சொன்னீங்க. அருவிப் படத்துல, ‘ஊக்கு வைக்க ஒரு பாக்கெட் இல்லாத சட்டையெல்லாம் ஒரு சட்டையா’ன்னு சொன்னீங்க."

மைக்குவின் கை தானாகச் சட்டைக்குள் போய் அந்தச் சின்னப் பையைத் தொட்டது. ஊக்கு அதில்தான் இருந்தது.

"அப்ப எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்." பூங்கொடிக்குக் கோபம் வந்தது. குரலில் தெரியாவிட்டாலும் முகத்தில் தெரிந்தது. "எனக்குக் காது போனதுல இருந்து எல்லாரும் ரெண்டு வார்த்த சொல்லிட்டு மொகத்தத் திருப்பிப்பாங்க. நேரா என்னப் பாத்து அவ்ளோ நேரம் பேசினது நீங்க ஒருத்தர்தான், அதுவும் போனுக்குள்ள. நேர்ல வந்தப்ப நீங்களும் வாய மூடிக்கினீங்க."

மைக்கு தன் கையிலிருந்த மைக்கைப் பார்த்தார், அதை என் கையில் கொடுத்தார், இறங்கிப் போய்ப் பூங்கொடியின் எதிரில் நின்றார். ஆறடி தூரத்தில் இருந்த எனக்கே கேட்காதபடி, முகத்தை நேராக வைத்துக்கொண்டு, ஏதோ பேசினார். நீளமாகப் பேசினார். பூங்கொடி அவர் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"சார்," என்று முகாம்காரர் என் முழங்கையைச் சுரண்டினார். "முகாம் எந்த எடத்துலன்னு இன்னும் சொல்லவேயில்லயே?"

மீதி அறிவிப்பை நான்தான் படித்தேன். மட்டமாகப் படித்தேன்.

அந்த ஆவணியில் வெள்ளிமலையில் கல்யாணம். தன் கல்யாணத்துக்குத் தானே ஆட்டோவில் அறிவிப்புச் செய்த மாப்பிள்ளையை வேறு எங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். இந்த முறை பேனர் கட்டவில்லை. "இந்த அரிய வாய்ப்பைத் தவற விடாதீர்கள்" என்று முடித்தார், யாரும் துரத்தவில்லை. மலையிலேயே இருந்துவிட்டார். அங்கேயே ஒரு மைக் செட். நாள் முழுக்கப் பூங்கொடியின் எதிரில் நின்று பேசுகிறாராம். பேச்சு எல்லை மீறினால் பூங்கொடி தையல் மிஷின் பக்கம் குனிந்துகொள்வார். இவர் சுற்றி வந்து அந்தப் பக்கம் நிற்பார். பூங்கொடி கண்ணை மூடிக்கொள்வார். எங்களுக்கெல்லாம் கிடைக்காத வசதி.

போனை இன்னும் பழுது பார்க்கவில்லை. படங்களும் வருகின்றன. இங்கே என் கடையில் மூன்று நாற்காலிகளும் போட்டது போட்டபடி கிடக்கின்றன. டீ டம்ளர்கள் கடை வாசலைத் தாண்டிப் போவதில்லை. நிம்மதியாக வேலை பார்க்கலாம் என்று நினைத்தேன். வேலையே ஓடவில்லை.

இப்போது நானும் உதட்டைப் படிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். பூங்கொடிதான் செய்தி அனுப்பிச் சொல்லித் தருகிறார். ‘ப’வும் ‘ம’வும் உதட்டில் ஒரே மாதிரி, குழம்பாதீர்கள் என்கிறார். எனக்கு எல்லாமே ஒரே மாதிரிதான் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு படத்தின் தொடக்கத்திலும், ஸ்டாண்டில் போனைச் செருகிவிட்டுப் பின்னால் நகரும்போது, அவர் என்னைத்தான் பார்க்கிறார். அவர் வாய் சொல்வதில் அது ஒன்று மட்டும் எனக்குப் பாடம் இல்லாமலே புரிகிறது.

"பிளெக்ஸு, டீ குடிச்சியா?"

படத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, "குடிச்சேண்ணா, நீங்க குடிச்சீங்களா?" என்று நானும் முழுசாகப் பதில் சொல்லிவிட்டுத்தான் மீதியைப் பார்க்கிறேன்.